கொசுறுக்குக் கட்டம் இல்லாத படிவம்

ஆய்வகப் பதிவேடு ஒன்றில் நீல மையில் 'மாதிரி எண் 23' என்று ஒரு வரி இருக்கிறது. அது என்னுடையது. எந்த வகை மாதிரி என்று அறிய விரும்புகிறவர்கள், கையில் இருக்கும் டிபனை முடித்துவிட்டு வாருங்கள். காத்திருக்கிறேன்.

முடித்தாயிற்றா? ஆமாம், அதேதான்.

இதை வெளியில் சொல்லாதே என்று அலுவலகத்தில் சொன்னார்கள், உறவில் சொன்னார்கள். எதிர்வீட்டுக்காரர்கூடக் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார் (அவருக்கு யார் சொன்னது என்று இன்றுவரை தெரியவில்லை). சொல்லத்தான் போகிறேன். மனிதருக்கு வயிறு என்று ஒன்று இருக்கிறது. சில நாட்களில் அது நம்மைக் கலந்துகொள்ளாமல் முடிவெடுக்கிறது. இதில் மூடி மறைக்க என்ன இருக்கிறது? நான் வெட்கப்படுகிற விஷயம் வேறு. அதுவும் அதே கோப்பில்தான் இருக்கிறது.

அப்போது எனக்கு முப்பத்தாறு வயது. நகரத்துச் சுகாதார அலுவலகம் ஒன்றில் ஒப்பந்த ஊழியர். ஊரில் எங்காவது ஒரே நாளில் பத்துப் பேருக்கு வயிறு கலங்கினால் அங்கே போய், என்ன சாப்பிட்டார்கள், எங்கே வாங்கினார்கள் என்று துருவித் துருவிக் கேட்டு, நோய் எந்த உணவில் ஏறி வந்தது என்று கண்டுபிடிக்க வேண்டும். துப்பறியும் வேலைதான். ஆனால் துப்பறிகிறவர்களுக்குக் கதைகளில் குதிரை தருகிறார்கள், கார் தருகிறார்கள். எனக்கு ஒரு பழைய ஸ்கூட்டரும், அதன் பின்சீட்டில் கயிறு போட்டுக் கட்டிய ஐஸ்பெட்டியும். அடையாற்று வீட்டிலிருந்து அந்தப் பெட்டியோடு கிளம்பினால், சிக்னலில் யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார், "மேடம், மீனா, குல்ஃபியா?" (பதில் சொன்னதில்லை. இரண்டு தொழிலையும் கெடுக்க மனமில்லை.)

இவை போக என்னிடம் ஒரு படிவம் இருந்தது. நான்கு பக்கம், எழுபத்தொரு கேள்வி, நானே தயாரித்தது. பானிபூரிக்குத் தனிக் கட்டம். ஐஸ்கிரீமுக்குத் தனிக் கட்டம். கோயில் பிரசாதத்துக்கு அ, ஆ, இ என்று உட்பிரிவு. 'கடந்த மூன்று நாட்களில் நீங்கள் வாங்கிய பச்சைக் காய்கள், பழங்கள்' என்று ஒரு முழுப் பக்கம். இதில் அகப்படாத உணவு இந்த ஊரில் இல்லை என்று நான் மேடையேறிச் சொல்லத் தயாராக இருந்தேன். பின்னர் ஏறினேன். அதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

அது ராமநவமி வாரம். வெயில் பங்குனியிலேயே அக்னிக்கு ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தது. மயிலாப்பூர்க் குளத்திலிருந்து பொடிநடையாகப் போய்விடக்கூடிய ஓர் அடுக்ககம். பெயர் வேண்டாம், அங்கே இன்னும் எனக்கு வேண்டியவர்கள் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் கூடிப் பண்டிகை கொண்டாடியிருக்கிறார்கள். பானகம், நீர்மோர், கோசுமல்லி. நினைத்துப் பார்த்தால் அது அடுப்பின் முகத்தையே பார்க்காத பண்டிகை. வெல்லம் கரைகிறது, மோர் நுரைக்கிறது, பருப்பு ஊறுகிறது, வெள்ளரி துண்டாகிறது. தீ மட்டும் அன்று விடுப்பில் போய்விடுகிறது. தீ இல்லாத இடத்தில் கிருமிக்குக் கொண்டாட்டம் என்பது என் பாடப்புத்தகத்தின் முதல் பக்கம். செவ்வாய்க்கிழமைக்குள் கட்டடத்தில் பாதிப் பேர் குளியலறைக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். மீதிப் பாதி உள்ளேயிருந்து "இருங்கோ" என்று கத்திக்கொண்டிருந்தார்கள்.

புதன்கிழமை காலை நான் போய் இறங்கினேன். சங்கத்துச் செயலாளர் சேஷாத்ரி மாமா வாசலிலேயே நின்றிருந்தார். வங்கியில் பெரிய பதவியில் இருந்து ஓய்வுபெற்றவர். ஓய்வு பதவிக்குத்தான், தோரணைக்கு இல்லை.

"வாங்கோ, வாங்கோ. கேஸ் ரொம்ப சிம்பிள். குத்தவாளி எங்கயும் ஓடிப்போகலை, கேட்டுக்கு வெளிலயே உக்காந்துண்டிருக்கா."

அவர் கை நீட்டிய திசையில், காம்பவுண்டுச் சுவரின் நிழலில், என் வயதொத்த ஒரு பெண் கோணி விரித்து உட்கார்ந்திருந்தாள். பெயர் மஞ்சுளா என்று பின்னால் தெரிந்தது. முன்னால் வெள்ளரிக்காய்க் குவியல், எலுமிச்சைக் குவியல், கொஞ்சம் தக்காளி, புதினா, கறிவேப்பிலை, கொத்தமல்லிக் கட்டுகள். பக்கத்தில் ஒரு நீல வாளி.

"பண்டிகைக்கு வெள்ளரிக்கா அவகிட்டதான் வாங்கினோம். அன்னிலேர்ந்து ஆத்துக்கு ஆம் இதே கதி. அவளை அப்புறப்படுத்தணும்னு நாங்க மனு ரெடி பண்ணி வச்சுண்டிருக்கோம். உங்க ரிப்போர்ட்ல ஒரே ஒரு வரி எழுதிக் குடுத்துடுங்கோ, மீதிய நாங்க பாத்துக்கறோம்."

நான் கம்பீரமாகச் சொன்னேன், "சார், அறிவியல் என்ன சொல்லுதோ அதைத்தான் எழுதுவேன்." (அறிவியல் அப்போது வெயிலில் மயங்கிக் கிடந்தது என்று எனக்குத் தெரியாது.)

மஞ்சுளாவிடம் போனேன். வாடத் தொடங்கிய ஒரு கொத்தமல்லிக் கட்டை எடுத்து, தலைகீழாக வாளியில் முக்கி, ஓர் உதறு உதறினாள். வெயிலில் துளிகள் சிதறி மின்னின. தெரு முழுக்க ஒரு கணம் பச்சை வாசனை எழுந்து, பேருந்துப் புகையைத் தள்ளிவிட்டு நின்றது. அடடா என்று ரசித்தேன். மயங்கி நின்றேன். ஆய்வு செய்ய வந்தவள் எதைக் குறித்துக்கொள்ள வேண்டுமோ அதைக் கண் முன்னால் வைத்துக்கொண்டு ரசித்துக்கொண்டிருந்தாள். அவளை இப்போது பார்த்தால் காதைத் திருகுவேன்.

"இன்னா மேடம், கவர்மெண்ட்டா?" என்றாள் மஞ்சுளா.

"ஆமா. உன் வெள்ளரிக்காய் நாலு வேணும். பரிசோதனைக்கு."

கையுறை மாட்டி, ஒவ்வொரு வெள்ளரிக்காயாகத் தனித்தனி உறையில் இட்டு, நாடா ஒட்டி, தேதி எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவள் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா மேடம், வெள்ளரிக்காவ அரெஸ்ட் பண்றியா? வெலங்கு கொண்டாந்துகீறியா?"

நான் சிரிக்கவில்லை. அதிகாரிகள் சிரிப்பதில்லை என்று எங்கோ படித்திருந்தேன். ஆனால் தொண்டை வறண்டிருந்தது. கையுறையைக் கழற்றிவிட்டு, சொந்த உபயோகத்துக்கு இரண்டு எலுமிச்சம்பழம் வாங்கினேன். அவள் பழத்தைக் கொடுத்த கையோடு ஒரு கட்டுக் கொத்தமல்லியை என் கைப்பையில் செருகினாள்.

"இந்தா, கொத்துமல்லி. வெய்யில்ல அலஞ்சிகினு கீற. சட்னி அரச்சித் துன்னு."

இந்த ஊரில் யாரும் கொத்தமல்லி வாங்குவதில்லை. கொத்தமல்லி வரும். காய் வாங்கினால் கூடவே வரும், நிழல் வருவதுபோல. அதற்கு நன்றிகூடச் சொல்ல மாட்டோம், வராவிட்டால்தான் சண்டை. நானும் நன்றி சொல்லவில்லை. வெள்ளரிக்காய்க்கு முத்திரை, கொத்தமல்லிக்குக் கைப்பை.

அடுத்த இரண்டு நாட்களும் வீடு வீடாகப் படியேறினேன். படிவத்தை நிரப்பியாயிற்று. அதற்குப் பிறகு, மூடியோடு சிறிய கரண்டி ஒட்டிய அந்த வெள்ளை டப்பாவை நீட்ட வேண்டும். முதல் மாடியில் சேஷாத்ரி மாமாவின் மனைவி வசந்தா மாமி, டப்பாவை இரண்டு விரலால் வாங்கிக்கொண்டு என் தோளுக்கு மேல் எதையோ பார்த்தபடி, "இதுக்குத்தானா எம்.ஏ. படிச்சேன்" என்றார். மறுநாள் டப்பாக்கள் திரும்பி வந்தன. ஒன்று பட்டுப்புடவைக் கடைப் பையில் வந்தது. இன்னொன்று தாம்பூலப் பையில், வெற்றிலை, பாக்கு, தேங்காயோடு. வீட்டுக்கு வந்த பெண்ணை வெறுங்கையோடு அனுப்பக் கூடாதாம். அந்தத் தேங்காயை என்ன செய்வது என்று எந்த வழிகாட்டி நூலிலும் இல்லை.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். கோசுமல்லி சாப்பிட்டவர்களில் பெரும்பாலோர் விழுந்திருந்தார்கள். கோசுமல்லியில் வெள்ளரி. வெள்ளரி மஞ்சுளாவுடையது. அவ்வளவுதானே?

அவ்வளவு இல்லை. கோசுமல்லியைத் தொடாமல் நீர்மோர் மட்டும் குடித்தவர்களும் விழுந்திருந்தார்கள். போதாததற்கு இரண்டாம் மாடியில் வாடகைக்கு இருந்த நவீன் என்ற பையன். கணினி நிறுவனத்தில் வேலை, ராமநவமி என்றைக்கு என்றே தெரியாது, கீழே இறங்கி வரவேயில்லை. அவனும் படுத்த படுக்கை. இந்த இரு சாராரையும் என்ன செய்தேன்? 'விதிவிலக்கு' என்று எழுதி அடியில் கோடு போட்டேன். அந்தக் கோட்டை அளவுகோல் வைத்துப் போட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வரைவு அறிக்கை தயார்: நோய்க்குக் காரணம், நடைபாதை விற்பனையாளரின் வெள்ளரிக்காயாக இருக்கக்கூடும். எங்கள் அதிகாரி படித்துவிட்டு, "வெரி குட். சனிக்கிழமை அவங்க மீட்டிங்ல போய்ச் சொல்லிடுங்க. அந்த 'இருக்கக்கூடும்'ங்கறத மட்டும் எடுத்துடுங்க" என்றார்.

வெள்ளி மாலை, வெற்றிக் களிப்பில் வீட்டில் தோசை. பச்சைச் சட்னி. என் கணவர் முரளி நான்காவது தோசைக்குத் தட்டை நீட்டிக்கொண்டே, "இன்னைக்கு சட்னில ஏதோ விசேஷம் இருக்கே" என்றார். இருந்தது. மகள் தாராவுக்கு மட்டும் பச்சை நிறத்தில் எதுவும் ஆகாது. அவள் பொடி தொட்டுக்கொண்டாள். தப்பித்தாள்.

சனிக்கிழமை மாலை கார் நிறுத்துமிடத்தில் கூட்டம். புதிதாகப் போட்ட சிமெண்டுத் தரையின் வாசனை இன்னும் போகவில்லை. பிளாஸ்டிக் நாற்காலிகளில், கன்னம் ஒட்டிப்போன குடியிருப்பாளர்கள். மேசைமேல் என் விளக்க அட்டை. அதில் நானே வரைந்த, சற்றுக் கொழுத்த ஒரு வெள்ளரிக்காய். பக்கத்தில் அந்த மனு, கையெழுத்துக்கு விரித்தபடி. மஞ்சுளாவையும் வரச்சொல்லியிருந்தார்கள். உட்காரச் சொல்லவில்லை. கேட்டருகில் நின்றாள்.

நான் தொடங்கும் முன் அவளே பேசினாள். "மேடம், ஒண்ணு சொல்லிக்கிறேன். ஆத்தோரம் இருந்த வூட்ட எட்த்துட்டு பெரும்பாக்கத்துல கொண்டாந்து போட்டானுங்க. அங்கேந்து விடிகால பஸ்ஸு புட்ச்சி, கோயம்பேடு போயி, சரக்கு எட்த்துகினு இங்க வர்றேன். இந்த கோணி எடத்துக்குத்தான் இவ்ளோ ஓட்டம். ஒரு தபா தூக்கிப் போட்டாச்சு. இன்னொரு தபா தூக்கிப் போடணும்னா, காரணத்த கரீட்டா சொல்லிட்டுப் போடு."

"அறிவியல் சொல்லும்" என்றேன். எழுந்து நின்று, அட்டையின் மேல் குச்சியை வைத்து, "ஆகவே..." என்றேன்.

அந்த 'ஆகவே'யில்தான் அது தொடங்கியது. முதலில் வயிற்றுக்குள் யாரோ பீரோவை நகர்த்துகிற மாதிரி ஒரு சத்தம். முன்வரிசை முழுக்க நிமிர்ந்து பார்த்தது. நான் "ஆகவே" என்று மறுபடி சொன்னேன். பீரோ சரிந்தது. முதுகில் ஒரு குளிர்ந்த வியர்வை. அந்த வியர்வையை அங்கிருந்த அத்தனை பேருக்கும் நன்றாகத் தெரியும். ஒரு வாரமாக அதோடுதான் குடித்தனம் நடத்தியிருந்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. வசந்தா மாமி மட்டும் எழுந்து, தன் வீட்டுச் சாவியை நீட்டி, "முதல் மாடி. வலது பக்கம். ஓடுங்கோ" என்றார்.

ஓடினேன். கையில் குச்சியோடு ஓடினேன்.

அடுத்த சில நிமிடங்களை வாசகர்கள் என் பொருட்டுத் தாண்டிவிடலாம். நான் உள்ளே உட்கார்ந்து, என் படிப்பு, பதவி, எழுபத்தொரு கேள்விகள் எல்லாம் என்னைவிட்டு நீங்கிக்கொண்டிருப்பதை உணர்ந்துகொண்டிருந்தபோது, கதவு தட்டப்பட்டது.

"உங்க பை கீழேயே இருந்தது, கொண்டு வந்துட்டேன்" என்றது மாமியின் குரல். கதவு ஒரு சாண் திறந்தது. ஒரு கை உள்ளே வந்தது. கையில், மூடியோடு சிறிய கரண்டி ஒட்டிய வெள்ளை டப்பா.

"மாமி..."

"இருபத்திரெண்டு ஆத்துக்கும் குடுத்தேளே. நீங்களும் எடுங்கோ."

எடுத்தேன். மாதிரி எண் 23 அங்கேதான், மாமியின் ரோஜா நிறக் குளியலறையில் பிறந்தது.

வெளியே வந்தபோது கால்கள் எனக்குச் சொந்தமில்லை. மாமி என்னை நாற்காலியில் உட்கார்த்தி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, என் படிவத்தில் ஒன்றை எடுத்து விரித்தார். அந்த முகத்தில் எம்.ஏ. முழுசாகத் திரும்பி வந்திருந்தது.

"கேள்வி பதினாலு. கடந்த மூணு நாள்ல வாங்கின பச்சைக் காய், பழம்?"

"ரெண்டு எலுமிச்சம்பழம்."

"வேற?"

"வேற ஒண்ணும் வாங்கலை."

"நன்னா யோசிச்சுச் சொல்லுங்கோ. எங்களை எத்தனை தடவை யோசிக்கச் சொன்னேள்!"

"வாங்கலை மாமி. சத்தியமா."

வாசற்படிக்கு வெளியே ஒரு குரல். மஞ்சுளா. யாரும் சொல்லாமலே எலுமிச்சம்பழம் பிழிந்து, உப்பும் சர்க்கரையும் போட்டு, ஒரு டம்ளரை ஏந்திக்கொண்டு படியேறி வந்திருந்தாள். அவளை எழுதித் துரத்த வந்தவளுக்கு.

"ஆர்.ஓ. தண்ணிதான், வாட்ச்மேனாண்ட வாங்கினேன், பயப்படாம குடி" என்று நீட்டினாள். நான் குடித்து முடிக்கும்வரை நின்றாள். பிறகு கேட்டாள்.

"ஏன்க்கா, துட்டு குட்த்து வாங்கினதத்தான் எழுதுவியா? நா சும்மா குட்த்த கொத்துமல்லி இன்னாச்சு?"

டம்ளர் என் கையில் நின்றுவிட்டது.

நீர்மோரில் என்ன மிதக்கிறது? கோசுமல்லிமேல் என்ன தூவுகிறோம்? அடுப்பை அணைத்துவிட்டுக் கடைசியாக, வேகாமல், பச்சையாக எதைக் கிள்ளிப் போடுகிறோம்? நான்கு நாளாக எழுபத்தொரு கேள்வி கேட்டிருக்கிறேன். ஒரு வீட்டிலும் ஒருவரும் 'கொத்தமல்லி' என்று சொல்லவில்லை. பொய் சொல்லவில்லை, அதை யாரும் வாங்கவில்லை. பட்டியலில் வராத பொருள் அது. எல்லோரும் வாயில் போட்டுக்கொண்டது, யாருடைய நினைவிலும் இல்லாதது. கைப்பையைத் திறந்தால் அதன் வாசனை அடித்திருக்கும். அந்தக் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டுதான் நானே "வேற ஒண்ணும் வாங்கலை" என்று சத்தியம் செய்தேன்.

நான் வெட்கப்படுவதாகச் சொன்னேனே, இதற்குத்தான்.

கீழே இறங்கினேன், மாமி ஒரு பக்கமும் மஞ்சுளா ஒரு பக்கமும் தாங்க. அட்டையைத் திருப்பிப்போட்டேன். "ராமநவமி வாரத்துல, இவங்ககிட்ட காய் வாங்கினப்போ யார் யாருக்குக் கொத்தமல்லி கொசுறா வந்தது? கையைத் தூக்குங்க."

கைகள் எழுந்தன. முதலில் தயங்கித் தயங்கி, பிறகு மொத்தமாக, புல் முளைப்பதுபோல. கடைசி வரிசையில் நவீனும். "நான் தக்காளி வாங்கினேன் மேடம். இலை சும்மா குடுத்தாங்க. ஆம்லெட் மேல போட்டேன்." (ஆம்லெட் என்ற சொல்லுக்குச் சிலர் திரும்பிப் பார்த்தார்கள். அது வேறு வழக்கு.)

சேஷாத்ரி மாமா துள்ளி எழுந்தார். "பாத்தேளா! வெள்ளரிக்கா இல்லேன்னா கொத்தமல்லி. எப்படிப் பாத்தாலும் அவதானே?" என்று மனுவை என் பக்கம் தள்ளினார்.

மஞ்சுளாவின் முகத்தில் நிறம் இறங்கியது. உண்மையைச் சொல்லித் தன் கோணியைத் தானே சுருட்டிவிட்டோமோ என்று அவள் நினைத்தது எனக்குத் தெரிந்தது. அப்போதுதான், மூன்று நாள் தாமதமாக, அந்தத் துளிகள் மறுபடி என் கண்ணில் மின்னின. வாளியில் முக்கி, ஓர் உதறு.

"வாளிக்குத் தண்ணி எங்க பிடிக்கிற மஞ்சுளா?"

"இங்கதான்." கேட்டுக்கு உள்ளே, செடிகளுக்கு நடுவிலிருந்த குழாயைக் காட்டினாள். "செகரட்ரி சாருதான் புட்ச்சிக்க சொன்னாரு. அதுக்கு தெனம் அவரு வூட்டுக்கு கருவேப்பில, கொத்துமல்லி குட்த்துகினு கீறேன்."

வசந்தா மாமி கணவரை மெதுவாகத் திரும்பிப் பார்த்தார். முப்பது வருடத் தாம்பத்தியம் அந்தப் பார்வையில் ஓரடி பின்வாங்கியது.

"அது... செடிக்கு விடற தண்ணி. பழைய கிணத்துத் தண்ணி" என்றார் சேஷாத்ரி மாமா. "குடிக்கறதுக்கு இல்லையே."

"கிணறு எங்க சார்?"

நான்கு பேர் ஒரே நேரத்தில் தரையைப் பார்த்தார்கள். இரண்டாவது கார் வைத்திருப்பவர்களுக்காகப் பண்டிகைக்கு முந்தைய வாரம்தான் போட்ட புதுத் தரை. அதைக் கெட்டிப்படுத்த உருட்டிய இயந்திரம் ஏதோ குழாயை நெரித்துவிட்டதென்றும், கிணற்றோரம் ஒரு வாடை வருகிறதென்றும் வாட்ச்மேன் சொன்னதை, 'பண்டிகை முடியட்டும்' என்று தள்ளிவைத்திருந்தார்கள். கழிவுநீர் யாருக்காகவும் தள்ளிவைக்காமல் கிணற்றுக்குள் போய்க்கொண்டிருந்தது. வீட்டுக் குழாய்களில் வேறு தண்ணீர். அதனால் யாருக்கும் தெரியவில்லை. வாளி வழியாக வெளியே போய், கொத்தமல்லியில் ஏறி, இலவசமாக அதே கட்டடத்துக்குள் அது திரும்பி வந்திருக்கிறது.

எல்லோரும் பார்க்க, குழாயடியில் மண்டியிட்டு, புட்டியில் தண்ணீர் பிடித்தேன். வாளியிலிருந்து ஒரு புட்டி. ஒரு கட்டுக் கொத்தமல்லி, இம்முறை உறையில். பிறகு மறுபடி முதல் மாடிக்கு ஓடினேன். (மாமி சாவியைத் திரும்ப வாங்கியிருக்கவில்லை.)

சில நாட்களில் ஆய்வகத்திலிருந்து ஷாஹிதா கூப்பிட்டாள். அங்கே கிருமி வளர்த்துப் பார்ப்பவள், என் சிநேகிதி. "குழாய், வாளி, கொத்தமல்லி மூணுலயும் சால்மொனெல்லா. ஒரே வகை. வெள்ளரிக்காய் சுத்தம். ஆனா உன் அடுக்ககத்து ஆளுங்க மாதிரில ஒண்ணுமே வளரலடி." ஏன் வளரும்? என் டப்பா போய்ச் சேரும் முன்பே அத்தனை பேரும் மருந்துக்கடைக்காரரைக் கேட்டு மாத்திரை விழுங்கியிருந்தார்கள். அதே சட்னியில் மாட்டிய முரளியும்தான். "ஒண்ணே ஒண்ணுலதான் வளர்ந்திருக்கு. அமோகமா. இருபத்திமூணு. யாருடி அது?"

"நான்தான்."

ஷாஹிதா சிரித்து ஓய எவ்வளவு நேரமாயிற்று என்று நான் பார்க்கவில்லை. அலைபேசியை மேசையில் வைத்துவிட்டு மோர் குடித்துவிட்டு வந்தேன். அப்போதும் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அதிகாரி சிரிக்கவில்லை. "என்னம்மா இது? விசாரிக்கப் போனவங்களே கேஸ்ல பேஷண்டா? வெளில தெரிஞ்சா ஆபீஸ் மானம் போயிடும். இருபத்திமூணை எடுத்துடுங்க."

"எடுத்தா நோயாளியே இல்ல சார். தண்ணில கிருமி இருக்கு, தழைல இருக்கு, அதனால யாருக்கு வந்துச்சுன்னு கேட்டா என்ன சொல்றது?"

"அதான் நடைபாதை விற்பனையாளர்னு முன்னாடியே எழுதியிருக்கீங்களே. அப்படியே முடிச்சிடுங்க. அந்த அசோசியேஷன்ல பெரிய பெரிய ஆளுங்க இருக்காங்க."

மேசைமேல் இரண்டு தாள்கள். ஒன்றில் என் கொழுத்த வெள்ளரிக்காய். அதில் கையெழுத்துப் போட்டால் என் மானம் பத்திரம், சுவரோரத்துக் கோணி காலி. இன்னொன்றில் குழாய், வாளி, கொத்தமல்லி, நான். இரண்டாவதை அதிகாரியின் பக்கம் தள்ளினேன்.

"முடியாது சார். இது என் வயிறு. அது என்ன சொல்லுச்சோ அதான் அறிக்கை."

இப்படியொரு வசனத்தைப் பேசியதற்கு நான் இன்றுவரை வருந்தியதில்லை. 'நோயாளி 23: ஆய்வாளர். தொற்று வழி: கொசுறாகப் பெற்ற கொத்தமல்லி. படிவத்தில் பதிவு செய்யத் தவறியவர்: அதே ஆய்வாளர்' என்று எழுதி, முழுப் பெயரில் கையெழுத்திட்டு, வசந்தா மாமி நிரப்பிய படிவத்தைப் பின்னால் இணைத்தேன். அதில் 'ரெண்டு எலுமிச்சம்பழம்' என்ற வரிக்குக் கீழே, மாமியின் முத்துமுத்தான கையெழுத்தில், 'கொத்தமல்லி (கொசுறு, மறந்துவிட்டார்)' என்று இருக்கிறது.

புதுத் தரையை உடைத்தார்கள். குழாயை மாற்றினார்கள். மனு என்ன ஆனது என்று யாரும் சொல்லவில்லை. மாமி அந்தத் தாளில் கோலமாவு மடித்து வைத்துக்கொண்டதாகக் கேள்வி. மஞ்சுளாவின் வாளிக்கு இப்போது வீட்டுக் குழாய்த் தண்ணீர் வருகிறது, முதல் மாடியிலிருந்து, மாமியின் மேற்பார்வையில். என் ஒப்பந்தம் அடுத்த ஆண்டு புதுப்பிக்கப்படவில்லை. காரணம் எழுதவில்லை (அவர்கள் படிவத்திலும் அதற்குக் கட்டம் இல்லை போலும்). போகட்டும். நான் விட்டுவந்த அந்தப் படிவத்தில் எழுபத்திரண்டாவதாக ஒரு கேள்வி சேர்ந்திருக்கிறது: 'காசு கொடுக்காமல் கிடைத்தது என்ன?' புதிதாகச் சேருகிறவர்களுக்குப் பயிற்சியில் என் கோப்பைத்தான் காட்டுகிறார்களாம். பெயரை மறைத்துக் காட்டுகிறார்கள். ஏன் மறைக்கிறீர்கள் என்று கேட்டு ஒரு கடிதம் போட்டிருக்கிறேன்.

வீட்டில் அந்த எண் பொதுச்சொத்தாகிவிட்டது. யாராவது அழைப்பு மணி அடித்து, "அப்பா இருக்காரா?" என்று கேட்டால், தாரா கொஞ்சமும் கூசாமல், "இருபத்திமூணுல இருக்கார், உக்காருங்க" என்பாள். நல்ல குடும்பங்களில் இப்படியெல்லாம் பேச மாட்டார்கள் என்று ஓர் உறவினர் முகம் சுளித்தார். அவருக்குப் பச்சைச் சட்னி வைத்தேன். தயங்கினார். நன்றாகக் கழுவியதுதான்.

போன வாரமும் மயிலாப்பூருக்குப் போனேன். ஒரு கூறு கத்தரிக்காய் வாங்கினேன். மஞ்சுளா ஒரு கட்டை எடுத்து, வாளியில் முக்கி, ஓர் உதறு உதறி, என் பையில் செருகினாள். துளிகள் மின்னின. நான் இன்னும் ரசிக்கத்தான் செய்கிறேன்.

கிளம்பத் திரும்பியவளைத் தெருவே கேட்கும்படி கூப்பிட்டாள்.

"யக்கா! சும்மாதான் குட்த்துகீறேன். ஆனா எழுதிக்க!"